தாங்ஹூலு வீட்டில் செய்ய எந்தப் பழம், எந்தச் சர்க்கரை, எந்த நாள்?

தாங்ஹூலு என்பது பழத்தைக் குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் தோய்த்து எடுக்கும் சீனத்துத் தெரு இனிப்பு. முதல் தடவை ஸ்ட்ராபெரியில் ஆரம்பித்ததுதான் நான் செய்த தப்பு. சிவப்பாக இருக்கிறது, பெய்ஜிங் தெருவில் பார்த்த அதே சாயல் வந்துவிடும் என்று நினைத்தேன். பாகு என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஐந்தாவது நிமிடம் பழம் கண்ணாடி வளையல் மாதிரி மின்னியது. பத்தாவது நிமிடம் காம்பு கிள்ளிய இடத்தில் சாறு கசிந்தது. அரைமணி நேரத்தில் தட்டில் சிவப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. "அம்மா, பழம் அழுவுது" என்றாள் மகள்.

அதற்கப்புறம் பதினைந்து தடவையாவது செய்திருப்பேன். பழத்தை மாற்றினேன், சர்க்கரையை மாற்றினேன், அடுப்பை விட்டு மைக்ரோவேவுக்குப் போய்த் திரும்பி வந்தேன். சென்னையில் ஈரமில்லாத நாளைத் தேடினேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர் நான் வீணாக்கிய சர்க்கரையைத் தானும் வீணாக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது? பழத்திலிருந்து வரலாம், பாகில் மிச்சம் இருக்கலாம், காற்றிலிருந்தும் வரலாம். இந்த மூன்றையும் அடக்கிவிட்டால் தாங்ஹூலு சுலபம்.

தாங் என்றால் சர்க்கரை, ஹூலு என்றால் சுரைக்குடுவை. கீழே பெரிய பழம் ஒன்று, மேலே சின்னது ஒன்று எனக் குச்சியில் செருகினால் இடை சிறுத்த சுரைக்குடுவை போல இருக்கும். பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பெய்ஜிங்காரர்கள் பிங்தாங் ஹூலு என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிங்தாங் என்பது கல்கண்டு. பக்கத்து நகரமான தியான்ஜினில் இதற்கே வேறு பெயர். ஷான்தோங் மாகாணத்தின் சிங்தாவ் நகரத்தில் 'சர்க்கரை உருண்டை' என்கிறார்கள், அங்கே ஒரு பழைய கோவிலை ஒட்டிக் குளிர்காலத்தில் இதற்கென்றே திருவிழாச் சந்தை கூடுகிறது. பெய்ஜிங்கில் லியூலிசாங் பக்கம் சாங்தியன் புத்தாண்டுச் சந்தை என்றாலே ஆள் உயரத்துக்கு நெருக்கமான நீளத்தில் பழம் கோத்த குச்சிகள்தான் பழைய ஆட்களுக்கு நினைவு வரும்.

ஒரு கதையும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்குச் சோங் வம்சத்துப் பேரரசர் குவாங்சோங்கின் அன்புக்குரிய துணைவிக்கு உடம்பு முடியாமல் போனதாம். அரண்மனை வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. வெளியூர் வைத்தியர் ஒருவர் வந்து, ஷான்சா பழத்தைக் கல்கண்டோடு காய்ச்சி சாப்பாட்டுக்கு முன் ஐந்து முதல் பத்து வரை கொடுக்கச் சொன்னாராம், குணமாகிவிட்டதாம். நடந்ததோ இல்லையோ, ஷான்சா செரிமானத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை சீன வைத்தியத்தில் இன்றும் இருக்கிறது.

இந்த ஷான்சாவைப் (ஆங்கிலத்தில் ஹாதார்ன்) பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தாங்ஹூலுவுக்கு வழக்கமான பழம் இதுதான், மற்றப் பழங்களை எல்லாம் இதை வைத்துத்தான் அளக்கப்போகிறேன். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியது. அடர்சிவப்புத் தோலில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். சதை மாவு மாவாக இருக்கும், சாறு குறைவு, புளிப்போ பல்லைக் கூச வைக்கும். இலையுதிர் காலத்தில் பறிப்பார்கள், குளிர்காலம் முழுக்க விற்பார்கள். தோல் இறுக்கமானது. ஜாமை இறுக வைக்கும் பெக்டின் நிறைய இருப்பதால் சதை சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெட்டிக் கொட்டையை எடுத்த பிறகும் ஒழுகாது. அதனால்தான் வட சீனத்தில் அதை இரண்டாகப் பிளந்து, நடுவில் சிவப்புப் பயறு விழுதையோ வால்நட்டையோ வைத்து மூடி, அப்புறம் பாகில் தோய்க்க முடிகிறது. வேறு பழத்தில் அப்படிச் செய்தால் ஊத்திக்கொள்ளும்.

சென்னைக் கடைகளில் பச்சை ஷான்சாவை நான் பார்த்ததில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்ந்தவர்கள் சின்ன வயதில் காசு மாதிரி அடுக்கிய இளஞ்சிவப்பு வில்லைகளைத் தின்றிருப்பார்கள். அது இந்தப் பழத்தில் செய்ததுதான், ருசி எப்படி என்று அவர்களைக் கேட்டால் தெரியும். மற்றவர்கள் வேறு பழம்தான் பார்க்க வேண்டும்.

எந்தப் பழம்?

விதையில்லாத பச்சைத் திராட்சைதான் என் முதல் ஓட்டு. முழுப் பழமாகப் போடலாம், தோல் கிழியாது, புளிப்பும் கொஞ்சம் இருக்கும், வாயில் ஒரே கடியில் அடங்கும். அதன் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெழுகுப் படலம் இருக்கும், அது போகாவிட்டால் பாகு ஒட்டாமல் வழுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே பரப்பி வையுங்கள். காம்பிலிருந்து பிடுங்கினால் நுனி கிழிந்து சாறு வரும் என்பதால் கத்தரிக்கோலால் நறுக்கி எடுப்பது நல்லது. குச்சி குத்துகிற துளையிலும் ஈரம் கசியும், அதைத் தடுக்க முடியாது; குத்தியதும் ஒரு தடவை டிஷ்யூவால் ஒற்றிவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சையிலும் செய்து பார்த்தேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், மணம் அபாரம். ஆனால் தோலும் சதையும் தனித்தனியாக வழுக்கும், உள்ளே விதையும் இருக்கும். மொறுமொறு என்று கடித்து, அடுத்த நொடி விதையைத் துப்புவது ஒத்துவரவில்லை. அதைச் சும்மா சாப்பிடுவதே மரியாதை.

இரண்டாவது இடம் கமலா ஆரஞ்சுச் சுளைக்கு. நார் நாராக இருக்கும் வெள்ளைத் தோலைப் பொறுமையாக உரித்து, சுளையின் மெல்லிய ஜவ்வு கிழியாமல் வைத்துக்கொண்டால் போதும், சாறு முழுக்க உள்ளேயே நிற்கும். கடிக்கும்போது சர்க்கரை நொறுங்கிப் புளிப்புச் சாறு பீறிடுவது திராட்சையைவிட நன்றாகவே இருக்கிறது. பெய்ஜிங்கிலும் ஆரஞ்சுச் சுளைக் குச்சிகள் சாதாரணம். ஏன் முதலிடம் கொடுக்கவில்லை என்றால், பத்துச் சுளையில் மூன்றாவது என் கையில் கிழிந்துவிடுகிறது. பொறுமைசாலிகள் இதையே முதலில் எடுக்கலாம்.

செர்ரித் தக்காளியைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். தைவானில் இது சர்வசாதாரணம். தக்காளியை லேசாகக் கீறி, உப்பும் இனிப்புமாகக் காய்ந்த பிளம் துண்டு ஒன்றை உள்ளே வைத்துப் பாகில் தோய்ப்பார்கள். உள்ளே எதுவும் வைக்காமல் முழுத் தக்காளியாகச் செய்தாலே தோல் நன்றாகத் தாங்குகிறது, பாகும் ஒரே சீராகப் படிகிறது. ருசி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். என் மாமியார் ஒன்று சாப்பிட்டுவிட்டு "ரசத்துக்குப் போட்டிருக்கலாம்" என்றார்.

புளிப்பில் ஷான்சாவுக்குக் கிட்ட வர வேண்டும் என்றால் நம் ஊர்ப் பழங்களில் நெல்லிக்காய்தானே நினைவுக்கு வரும்? எனக்கும் வந்தது. பெருநெல்லியைக் கோடு வழியே சுளை சுளையாக வெட்டி, துணியில் நன்றாக ஒற்றிக் காயவைத்துக் கோத்தேன். சாறு அதிகம் கசியாததால் பாகு பிடித்தது. ஆனால் நெல்லியின் துவர்ப்பு சர்க்கரையோடு சேராமல் தனியாக நிற்கிறது. எனக்குப் பிடித்தது, குழந்தைகள் யாரும் இரண்டாவது துண்டைத் தொடவில்லை. ஆப்பிள் இலந்தை என்று இப்போது பெரிதாக வருகிறதே, அது ருசியில் நேர்மாறு: சாறு குறைவு, சதை மொறுமொறுப்பு, ஒழுகாது. ஆனால் புளிப்பில்லாமல் சப்பென்று இருக்கும். இனிப்புக்கு மேல் இனிப்பு பூசி என்ன பயன்?

ஸ்ட்ராபெரியை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். கொரியாவிலும் ஜப்பானிலும் இதுதான் நட்சத்திரம். நன்றாகச் சிவந்து ஆனால் கெட்டியாக இருக்கும் பழம், கழுவி முழுதாகக் காய்ந்தது, பச்சைக் காம்பைக் கிள்ளாமல் அப்படியே விட்டது - இப்படி இருந்தால் கால் மணி நேரம் தாங்கும். தோய்த்தவுடன் சாப்பிட ஆட்கள் சுற்றி நின்றால் மட்டும் எடுங்கள். அன்னாசி, தர்பூசணி, கிவி, மாம்பழம் போல வெட்டிப் போட வேண்டிய பழங்கள் எதுவும் வேண்டாம். வெட்டிய முகத்திலிருந்து வரும் தண்ணீர் பாகை உள்ளிருந்தே கரைத்துவிடும்.

பழம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வரக் கூடாது. குளிர்ந்த பழத்தின் மேல் காற்றின் ஈரம் வியர்வை மாதிரி படியும், நாம் துடைத்ததெல்லாம் வீண்.

எந்தச் சர்க்கரை?

பெயரிலேயே கல்கண்டு இருப்பதால் கல்கண்டுதான் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் டைமண்ட் கல்கண்டை மிக்ஸியில் பொடித்து ஒரு ஈடு, சாதாரணச் சர்க்கரையில் ஒரு ஈடு என்று ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் செய்தேன். கண்ணைக் கட்டிக் கொடுத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் சுக்ரோஸ்தான். கல்கண்டு மெதுவாகப் படிகமாக வளர்வதால் அழுக்கு குறைவு, பாகு ஒரு நூல் தெளிவாக இருக்கும், அவ்வளவே. அதே தெளிவு, கந்தகம் சேர்க்காத சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையிலும் கிடைக்கிறது. கடையில் கொஞ்சம் மங்கலான சர்க்கரைதான் கிடைத்தது என்றாலும் கவலைப்பட வேண்டாம், சிவப்புப் பழத்தின் மேல் அது கண்ணில் படாது.

பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, வெல்லம்? கேட்பார்கள் என்று தெரியும். வேண்டாம். வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்தே இருக்கின்றன, காற்றின் ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும். நிறம் பழுப்பு, பழம் உள்ளே தெரியாது. இந்த அளவு சூட்டில் சீக்கிரம் கருகியும் விடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு வெல்லம் பொருந்துவது, கடலை உலர்ந்த பொருள் என்பதால். ஈரமான பழத்துக்கு அது சரிப்படாது.

அடுத்து, பாகில் வேறு எதையாவது சேர்க்கலாமா என்ற கேள்வி. வெறும் சர்க்கரையும் தண்ணீரும் போதும் என்பது பழைய வழி. அதில் உள்ள ஆபத்து, பாகு பூத்துவிடுவது: கிளறினாலோ, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தாலோ, மொத்தமும் மணல் மாதிரி வெளுத்துப்போகும். அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் சுக்ரோஸின் ஒரு பகுதி உடைந்து, படிகம் கட்டுவதைத் தடுக்கும். நம் வீட்டில் பாதுஷா பாகுக்குச் செய்கிற அதே வேலைதான். ஆனால் உடைந்து வருவதில் ஃப்ரக்டோஸ் உண்டு, அது ஈரத்தை இழுப்பதில் மன்னன். எலுமிச்சை அதிகமானால் பூக்காது, ஆனால் பிசுபிசுக்கும். பேக்கரிப் பொருள் கடைகளில் விற்கும் திரவ குளுக்கோஸ் இதைவிட நல்லது, 200 கிராம் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். முதல் தடவை செய்பவருக்கு அதைத்தான் சொல்வேன். கை பழகிய பிறகு, கிளறாமல் இருக்கும் கட்டுப்பாடு வந்த பிறகு, வெறும் சர்க்கரைக்கு மாறலாம். நொறுங்குவதில் வெறும் சர்க்கரையே மேல்.

ஐசோமால்ட் என்று ஒன்று இருக்கிறது, கேக் அலங்காரம் செய்பவர்களுக்குத் தெரியும். சர்க்கரையிலிருந்து எடுக்கும் இனிப்புப் பொருள். ஈரத்தை லேசில் ஏற்காது, பூக்காது, பழுப்பாகவும் மாறாது. சென்னையின் புழுக்கத்துக்கு அளந்து செய்த மாதிரி இருக்கும். விலை சர்க்கரையைவிடப் பல மடங்கு, இனிப்பு கிட்டத்தட்டப் பாதி, நிறையச் சாப்பிட்டால் வயிறு பொருமும், பேதியும் ஆகலாம். பிறந்தநாள் மேசையில் இரண்டு மணி நேரம் நின்று மின்ன வேண்டும் என்றால் இது, சாப்பிட என்றால் சர்க்கரை. நான் ஒரே ஒரு தடவை வாங்கினேன், மிச்சம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

உடம்புக்கு என்ன கணக்கு என்றால், 200 கிராம் சர்க்கரையில் எனக்குப் பத்துக் குச்சி வருகிறது, மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. குச்சிக்கு 13 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், பழத்தில் உள்ள இனிப்பு தனி. 2023-ல் தென்கொரியாவில் தெருவுக்குத் தெரு தாங்ஹூலுக் கடை முளைத்து, பிள்ளைகள் தின்னும் சர்க்கரையைப் பற்றி ஒரு கடைத்தொடரின் நிர்வாகியை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்கும் அளவுக்குப் போனது. வீட்டில் மாதம் ஒரு தடவை என்றால் அந்தக் கவலை எனக்கில்லை. பூச்சை மெல்லியதாக வைத்தாலே சர்க்கரையும் குறையும், பல்லும் தப்பிக்கும்.

அடுப்பா, மைக்ரோவேவா?

இதில் எனக்குச் சமரசம் கிடையாது. அடுப்புதான். மைக்ரோவேவில் கிண்ணத்தை வைத்து நிமிடக் கணக்கில் சூடாக்குவது இணையக் காணொளிகளில் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் உள்ளே ஒரு பக்கம் கருகும்போது இன்னொரு பக்கம் தண்ணீராகவே இருக்கும், பதம் கண்ணில் படாது. 150 டிகிரிப் பாகைக் கிண்ணத்தோடு கையில் தூக்கி வெளியே எடுக்க வேண்டும் என்பது அதைவிட மோசம். கண்ணாடிக் கிண்ணம் விரிசல் விடலாம், பிளாஸ்டிக் உருகலாம். அமெரிக்காவில் இப்படிச் செய்து கை சுட்டுக்கொண்ட சிறுவர்கள் வந்ததால் தீக்காய மருத்துவர்களே எச்சரிக்கை விட்டார்கள். கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், பாகு பட்டால் ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பழம் கோக்கும் வேலையைக் கொடுங்கள், அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

பாத்திரம் சின்னதாக, ஆழமாக, அடி கனமாக இருக்க வேண்டும். உள்பக்கம் கறுப்பாக இருக்கும் நான்ஸ்டிக்கில் பாகின் நிறம் தெரியாது, எவர்சில்வர் நல்லது. சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 100 மில்லி. கரையும் வரை மட்டும் கலக்கலாம், கொதி வந்த பிறகு கரண்டியைக் கழுவி வைத்துவிடுங்கள். ஓரத்தில் துகள் ஒட்டினால் ஈரத் தூரிகையால் துடைக்கலாம். மிதமான தீ.

தெர்மாமீட்டரா, கண்ணும் காதுமா?

புத்தகக் கணக்கு 149 முதல் 154 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் பாகில் ஒரு சதவீதம்தான் தண்ணீர் மிச்சம் இருக்கும், ஆறினால் கண்ணாடியாக உடையும். 140-ல் நிறுத்தினால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பல்லில் பிடித்து இழுக்கும். 160 தாண்டினால் பொன்னிறம், அப்புறம் கசப்பு. ஆக, சமையல் தெர்மாமீட்டர் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 200 கிராம் பாகு பாத்திரத்தின் அடியில் விரலளவு உயரம்கூட நிற்காது, தெர்மாமீட்டர் நுனி முழுகவே முழுகாது. முழுகாத நுனி காட்டும் எண் பொய். நுனி அடியைத் தொட்டால் அது பாத்திரத்தின் சூடு. துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து அளக்கும் கருவி நுரையின் மேல்பரப்பைத்தான் பார்க்கும். பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அளந்தால் ஓரளவு சரியாக வரும், அதற்குள் பாகு அடுத்த பதத்துக்குப் போயிருக்கும்.

நான் திரும்பிப் போனது என் ஆச்சி கடலை மிட்டாய்க்குப் பார்க்கும் பதத்துக்கு. சில்லென்ற தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பாகு விட்டு, எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். தாங்ஹூலுவுக்கு அதோடு இன்னொன்று சேர்க்கிறேன்: அந்தத் துண்டை இரண்டு விரலால் வளைத்தால் வளையாமல் 'டக்' என்று ஒடிய வேண்டும், கடித்தால் பல்லில் ஒட்டக் கூடாது. சீனத்து வீடுகளிலும் குச்சி நுனியைப் பாகில் தொட்டுக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுக் கடித்துத்தான் பார்க்கிறார்கள். சொல்லப்போனால், நம் பாட்டிகளுக்குப் பதம் சொல்லித்தரத் தேவையே இருந்திருக்காது.

எப்போது சோதிக்க ஆரம்பிப்பது? நுரையைப் பார்க்க வேண்டும். முதலில் பெரிய குமிழிகள் படபடவென்று வெடிக்கும், தண்ணீர் கொதிப்பது போல. பிறகு குமிழிகள் சிறுத்து, நெருங்கி, சோம்பலாக எழும். அப்போதிலிருந்து இருபது நொடிக்கு ஒரு சொட்டு. ஓரத்தில் எலுமிச்சைத் தோல் நிறம் லேசாக எட்டிப்பார்த்தால் உடனே அணைத்துவிடுங்கள், பாத்திரத்தின் சூடே மிச்ச வேலையைச் செய்துவிடும்.

புதிதாகச் செய்பவர்களிடம் தெர்மாமீட்டர், தண்ணீர்க் கிண்ணம் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன், முரண்பட்டால் தண்ணீர்க் கிண்ணத்தை நம்புங்கள்.

தோய்ப்பதற்கு அவசரமும் வேண்டும், அளவும் வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து, நுரையின் மேல் குச்சியை ஒரே ஒரு சுற்று உருட்டி எடுக்கிறேன். முழுக்க அமுக்கி எடுத்தால் பூச்சு தடித்து, கடிக்கவே பயமாக இருக்கும். பெய்ஜிங் கடைக்காரர்கள் எடுத்தவுடன் குச்சியை ஈரக் கல் பலகையில் தட்டி இழுப்பார்கள், பழத்தின் உச்சியில் மெல்லிய சர்க்கரைத் தகடு ஒன்று விசிறி மாதிரி நீளும். எனக்கு அந்தத் தகடுதான் எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். பட்டர் பேப்பரில் இது வராது, சிலிக்கான் விரிப்பில் வழுக்கி ஓடுகிறது. எண்ணெய் தடவிய கடப்பாக்கல்லில் அருமையாக வந்தது. கல் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் பாகு உடனே இறுகிவிடுகிறது. சமையலறையில் பழைய கடப்பா மேடை உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், கிரானைட்டும் பரவாயில்லை.

எந்த நாள்?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெய்ஜிங்கில் ஜனவரியில் சராசரி வெப்பம் சுழியத்துக்குக் கீழே, காற்று உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டிருக்கும். வைக்கோல் கட்டிய கம்பத்தில் செருகி நாள் முழுக்கத் தெருவில் நிறுத்தி வைத்தாலும் பூச்சு அப்படியே நிற்கும், பழம் உறைந்து ஐஸ் மாதிரி இருக்கும். மேலே பசை அரிசியில் செய்த மெல்லிய தாளைச் சுற்றித் தருவார்கள், அதையும் சேர்த்தே தின்னலாம். அங்கே பாதி வேலையை ஊர்க் காற்றே செய்துவிடுகிறது. சென்னையில் அந்தக் காற்றுக்கு நாம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மழை நாளில் செய்யாதீர்கள், அவ்வளவுதான் முதல் விதி. நவம்பரில் ஒரு தடவை, வெளியே தூறிக்கொண்டிருந்தபோது செய்தேன். பதம் சரி, பழம் சரி, ஐந்தே நிமிடத்தில் விரலில் ஒட்ட ஆரம்பித்தது. அதே பாகு, அதே திராட்சை, ஜனவரி இரவில் ஏசி அறையில் ஒரு மணி நேரம் தாங்கியது. ஏசி காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது என்பதுதான் இங்கே உதவி. கொடைக்கானலோ பெங்களூரோ குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் குளிர்ச்சி வேறு, வறட்சி வேறு. பனி மூட்டத்தில் பாகு கரையும்.

மிச்சத்தை எடுத்துவைக்க மூன்று வழி பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அறை மோசம், மறுநாள் சர்க்கரைத் தண்ணீரில் நனைந்த திராட்சைதான் மிஞ்சும். காற்றுப் புகாத டப்பா, சில மணி நேரத்துக்குப் பரவாயில்லை. ஃப்ரீஸர்தான் உள்ளதில் நல்லது, பெய்ஜிங் தெருக் குச்சியின் உறைந்த ருசிக்கும் அதுவே கிட்ட வருகிறது. ஆனால் வெளியே எடுத்த மறு நிமிடம் வியர்க்கத் தொடங்கும், எடுத்த கையோடு தின்ன வேண்டும். கடையிலிருந்து வரவழைத்தால் என்ன என்று ஒரு தடவை அதையும் செய்து பார்த்தேன். நாற்பது நிமிடம் வண்டியில் வந்த டப்பாவில் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. வாங்குவதென்றால் கடை வாசலிலேயே நின்று சாப்பிடுகிற மாதிரி வாங்குங்கள்.

இன்று சாயங்காலமே செய்து பார்க்கலாம் என்று இருப்பவருக்கு நான் எடுத்துத் தருவது: பச்சைத் திராட்சை, வெள்ளைச் சர்க்கரை, ஒரு கரண்டி திரவ குளுக்கோஸ், எவர்சில்வர் பாத்திரம், தண்ணீர்க் கிண்ணம், ஏசி ஓடும் அறை. நான்கு பழத்துக்கு மேல் கோக்க வேண்டாம். குச்சியின் கூர் நுனியைக் கடைசிப் பழத்துக்கு வெளியே நீட்டாமல் உள்ளேயே நிறுத்துங்கள், பிள்ளைகள் வாயில் குத்தும். நேராகக் கடிக்காமல் பக்கவாட்டில் வைத்துக் கடித்தால் உதடு கிழியாது.

பாகு ஒட்டிய பாத்திரத்தைச் சுரண்டி மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் எல்லாம் கரைந்து வந்துவிடும். அதை ஆறவைத்து எலுமிச்சை பிழிந்து, கல் உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சர்பத். எங்கள் வீட்டில் மாமியார் தாங்ஹூலுவைத் தொடுவதில்லை, இந்தச் சர்பத்துக்காக மட்டும் கூடத்தில் காத்திருப்பார்.